இறாலும் ஒரு சேமிப்புக் கணக்குதான்!



சென்ற மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வரவு எல்லாம் எழுதி முடித்த பிறகு, மீன் வியாபாரம் செய்யும் உறுப்பினர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "தடைக்காலம் முடிஞ்சு படகு கடலுக்குப் போன முதல் வாரம் இறால் கூடை கூடையா வருது. கொஞ்ச நாள் போனா எங்கே போகுதுன்னே தெரியல. வர்றதும் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கு. சங்கத்துல வாங்கின கடனை நான் எதை நம்பிக் கட்டுறது?"

கேள்வி நியாயமானது. பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. கீரமங்கலத்தில் நாம் பூவையும் பலாவையும் தேங்காயையும் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவோம். கடலைப் பற்றிக் கேட்டால் "அது மீனவர் சமாசாரம்" என்று விட்டுவிடுவோம். ஆனால் பேராவூரணி வழியாகக் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் கட்டுமாவடிக் கடற்கரை வந்துவிடுகிறது. நம் சந்தைக்கு வரும் மீனும் இறாலும் கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கமிருந்துதான் வருகின்றன. அதை வாங்கி விற்பதும், வாங்கிச் சமைப்பதும் நாம்தான். ஆகவே இந்த இதழில் இறாலின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். பயப்பட வேண்டாம். சங்கத்தில் அசல், வட்டி எழுதத் தெரிந்த யாருக்கும் இந்தக் கணக்கு புரியும்.

இறால் எப்படிப் பிறந்து வளர்கிறது?

நம் மாவட்டத்தை ஒட்டி இருக்கும் கடலுக்கு பாக் விரிகுடா என்று பெயர். இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் இலங்கை. நடுவில் ஆழம் குறைந்த, அலை குறைந்த கடல். அடியில் சேறும் மணலும் இருக்கும். பல இடங்களில் புல்வெளி மாதிரி கடல்புல் வளர்ந்து கிடக்கும். இங்கே விசைப்படகுகள் முக்கியமாகத் தேடிப் போவது பச்சை வரி இறாலைத்தான். மீசையில் சிவப்பும் வெளுப்புமாக வளையம் வளையமாக இருக்கும். இது பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும், இரவில் வெளியே வந்து மேயும். அதனால்தான் இறாலுக்குப் போகும் படகுகள் இரவில் மடி இழுக்கின்றன.

தாய் இறால் ஒரே தடவையில் இலட்சக்கணக்கில் முட்டை விடும். நண்டு மாதிரி முட்டையை வயிற்றில் கட்டிச் சுமக்காது, நேராகக் கடல் நீரில் விட்டுவிடும். ஒரு நாளைக்குள் முட்டை பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. இரண்டு மூன்று வாரம் நீரோட்டத்தோடு மிதந்து, பல தடவை தோல் மாற்றி, கடைசியில் கரையோரக் கடல்புல்லில் வந்து ஒட்டிக்கொள்ளும். அதுதான் அதற்கு அங்கன்வாடி! இரையும் அங்கே கிடைக்கிறது, பெரிய மீன் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளவும் இடம் இருக்கிறது. அங்கே இரண்டு மூன்று மாதம் வளர்ந்த பிறகு ஆழமான பக்கம் நகரும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் அதுவே தாயாகும் பருவத்துக்கு வந்துவிடும். ஆண் இறாலைவிடப் பெண் இறால் பெரிதாக வளரும்.

வெள்ளை இறால் கொஞ்சம் வேறு மாதிரி. அதன் குஞ்சுகள் ஆற்று முகத்துவாரத்துக்கும் கழிமுகத்துக்கும் வந்து, உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த இடத்தில் வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும்.

நாம் இறால் ஆயும்போது முதுகில் மெல்லிய கறுப்பு நரம்பு ஒன்றை எடுத்துப் போடுகிறோம் இல்லையா? அது குடல். சில இறாலில் அதையும் தவிர, தலையிலிருந்து வால் வரை முதுகில் அகலமாகப் பச்சை நிறத்தில் ஒன்று தெரியும். அதுதான் சினை. இன்னும் சில நாள் கடலில் இருந்திருந்தால் அது முட்டை விட்டிருக்கும்.

இறாலுக்கு ஆயுசு குறைவு. அதிகம் போனால் இரண்டு வருடம். பெரும்பாலானவை அதற்கு முன்பே மீனுக்கோ கணவாய்க்கோ நோய்க்கோ பலியாகிவிடும். இந்தக் குறைந்த ஆயுசை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு முழுவதும் இதில்தான் இருக்கிறது.

கடலின் வரவு செலவுப் பேரேடு

இலட்சம் முட்டை விடுகிறதே, அப்படின்னா இறால் எப்படிக் குறையும் என்று கேட்கலாம். ஒரு ஆண், ஒரு பெண் இறால் சாகும் முன் தங்களுக்குப் பதிலாக இரண்டு இறாலை வளர்த்துவிட்டுப் போனால் போதும், கூட்டம் அதே அளவில் இருக்கும். இலட்சக்கணக்கான முட்டையில் சராசரியாக இரண்டுதான் தாயாகும், தகப்பனாகும் வயது வரை பிழைக்கிறது என்று இதற்கு அர்த்தம். மற்றதெல்லாம் வழியிலேயே போய்விடுகிறது. முட்டை அதிகம் என்பதால் தைரியமாக இருந்துவிட முடியாது. சாவு அவ்வளவு அதிகம் என்பதால்தான் முட்டையும் அவ்வளவு அதிகம்.

நம் சங்கப் பேரேட்டைப் போலக் கடலுக்கும் ஒரு பேரேடு எழுதிப் பார்ப்போம். வரவுப் பக்கம் இரண்டு இனம். ஒன்று, புதிதாகப் பிறந்து வளர்ந்து கூட்டத்தில் சேரும் இறால். நம் சங்கத்தில் புது உறுப்பினர் சேர்வது மாதிரி. இரண்டு, ஏற்கெனவே இருக்கும் இறாலின் எடை கூடுவது. செலவுப் பக்கமும் இரண்டு இனம். ஒன்று, தானாகச் சாவது. இரண்டு, வலையில் போவது.

வரவும் செலவும் சரியாக இருந்தால் கணக்கு நிற்கும். செலவு மிஞ்சினால் அசல் கரையும். முதல் மூன்று இனத்தில் நம் கை அதிகம் இல்லை, கடைசி இனம் மட்டும்தான் மனிதன் கையில். அதனால்தான் கடல் ஆராய்ச்சிக்காரர்கள் அந்த ஒன்றை அளந்துகொண்டே இருக்கிறார்கள்.

அப்படியானால் பிடிக்காமலே விட்டுவிட்டால் இறால் பெருகிக்கொண்டே போகுமா? போகாது. நாற்று நெருக்கமாக நட்டால் எல்லாச் செடியும் நோஞ்சானாகும் இல்லையா? அதேபோல் கடலில் இடமும் இரையும் நிறைந்த பிறகு புதுக் குஞ்சுக்கு இடம் இருக்காது. மிகக் குறைவாக இருந்தாலோ முட்டை விடத் தாய் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது. அங்கேதான் கூட்டம் வேகமாகப் பெருகும். அந்தப் பெருக்கத்தை நாம் எடுத்துக்கொண்டால், அடுத்த வருடமும் அதே அளவு வரும். அசல் அப்படியே இருக்க, வட்டியை மட்டும் சாப்பிடுவது என்பது இதுதான்.

இறால் குறைந்த ஆயுசு உள்ளது என்பதால், பிடிக்காமல் விட்டது எல்லாம் சேமிப்பு ஆகாது. மொட்டைப் பறிக்காமல் விட்டால் மறுநாள் பூ வாடிப்போகும். அதுபோல முழு வளர்ச்சி அடைந்து முட்டையும் விட்ட இறாலைப் பிடிப்பதில் தப்பே இல்லை. எந்த வயதில் பிடிக்கிறோம், எவ்வளவு பிடிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இரண்டு வகை நஷ்டம்

முதல் நஷ்டம், வளர விடாமல் பிடிப்பது. பலா பழுக்கும் முன்பே மூசாக இருக்கும்போதே எல்லாவற்றையும் பறித்தால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை தினம் மாறும். இது கணக்குப் புரிவதற்காக நாமே வைத்துக்கொள்ளும் எண்.

கிலோவுக்கு 100 நிற்கும் சின்ன இறால் 1,000 பிடித்தால் 10 கிலோ. கிலோ 150 ரூபாய் என்றால் 1,500 ரூபாய். அதே 1,000 இறாலை மூன்று மாதம் விட்டுவைத்தோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 400 செத்துப் போய்விட்டது. மீதி 600. ஆனால் இப்போது கிலோவுக்கு 30 தான் நிற்கிறது. அப்படின்னா 20 கிலோ. பெரிய இறால் என்பதால் கிலோ 400 ரூபாய் என்று வைத்தால் 8,000 ரூபாய்! எண்ணிக்கை குறைந்தும் எடை இரண்டு மடங்கு, பணம் ஐந்து மடங்குக்கு மேல். வியாபாரிகள் இறாலைக் 'கவுண்ட்' பார்த்து விலை போடுவதன் காரணமும் இதுதான்.

இரண்டாவது நஷ்டம், தாயே மிஞ்சாமல் பிடிப்பது. இது முதல் நஷ்டத்தைவிட மோசம். முதல் நஷ்டத்தில் பணம்தான் போகிறது, கூட்டம் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டாவதில் அடுத்த வருடத்துக்கான விதையே போய்விடும். விதை நெல்லைக் குத்திச் சோறாக்கிச் சாப்பிடுவது மாதிரி.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தாய் இருந்தும் அங்கன்வாடி இல்லாவிட்டால் என்ன ஆகும்? கடல்புல் அழிந்தால், இலட்சம் குஞ்சு வந்தாலும் ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் போகும்.

ஆக, தாயும் வேண்டும், குஞ்சு வளரும் இடமும் வேண்டும், குஞ்சு வளர நாலைந்து மாத அவகாசமும் வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் இறால் மாதிரி சீக்கிரம் மீண்டு வரும் உயிர் கடலில் குறைவு. இது நமக்கு நல்ல செய்தி.

மொத்தம் குறையவில்லை என்றால் கவலை இல்லையா?

"போன வருஷம் வந்த அளவு இந்த வருஷமும் வந்திருக்கு, அப்புறம் என்ன குறைஞ்சு போச்சு?" என்று சிலர் கேட்பார்கள். பூ எடுக்கும் சகோதரிகளுக்கு இதன் பதில் தெரியும். பூ நிறைந்த நாளில் ஒரு மணி நேரத்தில் மடி நிறையும். பூ குறைந்த நாளிலும் இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, தோட்டம் முழுக்கச் சுற்றி, அதே எடை பூவைக் கொண்டு வந்துவிடலாம். தராசில் எடை ஒன்றுதான். ஆனால் செடியில் பூ குறைந்துவிட்டது என்பது எடுத்தவளுக்குத் தெரியும்.

கடலிலும் அப்படித்தான். பெரிய என்ஜின், பெரிய வலை, அதிக நேரம், அதிக டீசல் என்று போட்டு மொத்தப் பிடிப்பைத் தாக்குப் பிடிக்க வைக்கலாம். அதனால் ஆராய்ச்சிக்காரர்கள் மொத்தத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு மணி நேரம் மடி இழுத்தால் எத்தனை கிலோ கிடைத்தது என்று பார்க்கிறார்கள். இறாலின் நீளத்தையும் அளக்கிறார்கள். மணிக்குக் கிடைப்பதும் நீளமும் ஒன்றாகக் குறைந்துகொண்டே வந்தால் அசலில் கை வைத்தாகிவிட்டது என்று அர்த்தம். நம் பக்கம் ஆழ்குழாய்க் கிணற்றை வருடா வருடம் ஆழப்படுத்தி அதே தண்ணீரை எடுத்த கதையும் இதுதானே?

இழுவை மடி வந்த கதை

முன்பு பாக் கடலில் பாய்மரப் படகும் சிறு வலையும்தான் இருந்தன. இந்தியாவில் விசைப்படகு மீன்பிடிப்புக்கு வழி போட்டது, நார்வே நாட்டு உதவியோடு 1953-இல் கேரளாவில் தொடங்கிய திட்டம். 1960-களில் வெளிநாட்டில் இறாலுக்கு நல்ல விலை கிடைக்க ஆரம்பித்தது. அதன் பிறகு இழுவை மடி தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் பரவியது. அரசும் மானியம் கொடுத்து ஊக்கப்படுத்தியது. அன்றைக்கு அது வளர்ச்சியாகத்தான் தெரிந்தது. பல குடும்பங்கள் அதனால் வாழ்ந்தன என்பதும் உண்மை.

ஆனால் இழுவை மடி கடலின் அடித்தரையைச் சுரண்டிக்கொண்டு போகிறது. இறால் மணலில் புதைந்திருப்பதால், அதைக் கிளப்பி விட வலையின் அடியில் சங்கிலி கட்டுகிறார்கள். அதில் கடல்புல்லும் பிடுங்கப்படுகிறது. இறாலோடு சேர்ந்து குட்டி மீன், நண்டு, சங்கு, கடல் குதிரை, சில சமயம் ஆமையும் மாட்டுகிறது. சாப்பிட ஆகாத பொடி மீனைக் காய வைத்துக் கோழித் தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் அனுப்புகிறார்கள். அந்தப் பொடியில் ஒரு பகுதி, வளர்ந்தால் நம் கூடையில் வந்து விலை போக வேண்டிய மீனின் குஞ்சு.

இறால் ஆறு மாதத்தில் மீண்டு வரும். ஆனால் அதோடு மாட்டும் ஆமை, திருக்கை, சங்கு எல்லாம் வளர்ந்து இனம் பெருக்கப் பல வருடம் ஆகும். அவை அவ்வளவு சீக்கிரம் மீளாது. இறாலைத் தேடிப் போகும் வலையில் இறாலைவிட அதிகம் பாதிக்கப்படுவது அவைதான். ஆமை தப்பிக்கும் கருவி வலையில் இல்லை என்ற காரணத்தால், இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்குவதை அமெரிக்கா 2019-இல் நிறுத்தியது. கடலைக் கவனிக்காத நஷ்டம் விலையாகவும் நம் தலையில் விழுகிறது.

பக்கத்து நாட்டோடு இருக்கும் தகராறிலும் இதற்குப் பங்கு உண்டு. நம் பக்கத்தில் இறால் குறைந்ததும் படகுகள் எல்லை தாண்டுகின்றன. அந்தப் பக்கம் சிறு வலை வைத்திருக்கும் இலங்கைத் தமிழ் மீனவர்களின் வலை அறுபடுகிறது. இலங்கை அரசு 2017-இல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. பிடிபட்டுச் சிறையில் இருக்கும் மீனவரின் வீட்டில் அடுப்பு எரிய வைப்பது யார்? நம்மைப் போன்ற பெண்கள்தான்.

அப்படியானால் ஒரே நாளில் இழுவை மடியை நிறுத்திவிட முடியுமா? கடன் வாங்கிப் படகு கட்டியவர், அதில் கூலிக்குப் போகிறவர், ஐஸ் உடைப்பவர், இறால் தலை கிள்ளும் பெண்கள் எல்லோரும் அதை நம்பி இருக்கிறார்கள். பாக் கடல் இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் படகு தரும் திட்டத்தை 2017-இல் அரசு தொடங்கியது. மூன்று வருடத்தில் 2,000 படகு என்பது இலக்கு. அந்த வேகத்தில் அது நடக்கவில்லை. மாற்றுத் தொழில் கையில் வராமல் யாரும் இருக்கும் தொழிலை விட மாட்டார்கள். இது நமக்கும் தெரிந்த விஷயம்தான்.

விதிகள் எதற்காக?

தமிழ்நாட்டில் கடல் மீன்பிடிப்புக்கு 1983-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. அதில் உள்ள விதிகள் மேலே பார்த்த கணக்கோடு எப்படிப் பொருந்துகின்றன என்று பாருங்கள்.

தடைக்காலம்: கிழக்குக் கடற்கரையில் 2001 முதல் 45 நாளாக இருந்தது. 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் ஆனது. தாய் முட்டை விடவும் குஞ்சு வளரவும் கிடைக்கும் அவகாசம் இது.

வலைக் கண்ணி அளவு: இழுவை மடியின் கடைசிப் பையில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குட்டி இறால் தப்பிப் போக இதுதான் வாசல்.

நாள் பகிர்வு: பாக் கடலில் வாரம் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு பல வருடமாக இருக்கிறது.

கரையோரம்: கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மடி இழுக்கக் கூடாது. கடல்புல் அங்கேதான் அதிகம். இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டை மடிக்கும் தடை இருக்கிறது.

இப்போது அந்த உறுப்பினர் கேட்ட கேள்விக்கு வருவோம். 61 நாள் கடல் ஓய்வெடுத்ததால் முதல் வாரம் கூடை நிறைகிறது. அது இரண்டு மாதச் சேமிப்பு. ஆனால் சின்னக் கண்ணி வலையோடு எல்லாப் படகும் ஒரே நேரத்தில் இறங்கினால், இரண்டு மாதம் சேர்த்ததைக் கொஞ்ச நாளிலேயே துடைத்து எடுத்துவிடுகிறோம். வளர வேண்டிய குட்டியும் அதில் போய்விடுகிறது. அப்புறம் கூடையில் சுண்டுவிரல் நீளம்தான் மிஞ்சும். இரண்டு மாதம் உண்டியலில் போட்டுவிட்டுத் திறந்த அன்றே மொத்தமும் செலவழித்தால் சேமிப்பு என்ன ஆகும்? கண்ணி அளவும் ஒழுங்காக இருந்தால்தான் தடைக்காலத்தின் பலன் மாதக் கணக்கில் நிற்கும்.

சில நல்ல முயற்சிகளும் நடக்கின்றன. 2022 செப்டம்பரில் அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் கடல் பகுதி, கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடல் பசு கடல்புல்லைத் தின்று வாழ்வது. அதற்காகப் புல்லைக் காத்தால் இறால் குஞ்சுக்கும் வீடு கிடைக்கும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், பச்சை வரி இறாலைப் பொரிக்க வைத்து இலட்சக்கணக்கான குஞ்சுகளைப் பாக் கடலில் விட்டு வருகிறது. ஆனால் புல்லும் இல்லாமல், கண்ணியும் சின்னதாக இருந்தால் விட்ட குஞ்சு ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான்.

சொன்னால் நடக்குமா? நடந்திருக்கிறது

"நான் குட்டியை விட்டால் அடுத்த படகுக்காரன் பிடிச்சிட்டுப் போயிடுவான்." இதுதான் கடற்கரையில் எல்லோரும் சொல்வது. பொதுச் சொத்தில் எப்போதும் வரும் சிக்கல் இது. ஒருவர் மட்டும் ஒழுங்காக இருந்தால் அவருக்கு நஷ்டம். எல்லோரும் சேர்ந்து ஒழுங்காக இருந்தால் எல்லோருக்கும் லாபம். சங்கத்தில் ஒருவர் மட்டும் சேமித்தால் சங்கம் நடக்குமா?

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே பழைய வழி இருக்கிறது. பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்க 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களை ஊராரே வகுத்து, சீட்டுக் குலுக்கி, யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். ஒருவருக்கு இன்று நல்ல இடம், நாளை வேறொருவருக்கு. சண்டையும் குறைந்தது, எல்லா வலையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் விழுவதும் நின்றது. இதிலும் குறை உண்டு. பாடு உரிமை இல்லாத சமூகத்தினரும் பெண்களும் வெளியே நிற்க வேண்டி இருந்தது. ஆனாலும் படிக்காத மக்கள் தங்களுக்குள் விதி போட்டு நடத்த முடியும் என்பதற்கு அது சாட்சி.

வெளிநாட்டிலிருந்து ஓர் உதாரணம். ஆஸ்திரேலியாவின் வடக்குக் கடலிலும் நம் பச்சை வரி இறால் இருக்கிறது. அங்கே 1980-களில் 250-க்கும் மேற்பட்ட படகுகள் இறாலுக்குப் போட்டி போட்டன. வரி இறால் குறைந்துவிட்டது. அரசும் மீனவர்களும் சேர்ந்து படகுகளை விலை கொடுத்து வாங்கிக் குறைத்தார்கள். இப்போது 52 படகுக்குத்தான் உரிமம். வருடத்தில் இரண்டு பருவம் மட்டுமே கடலுக்குப் போகலாம். 2000 முதல் வலையில் ஆமை தப்பிக்கும் கருவி கட்டாயம். இறால் மீண்டு வந்தது. 2012-இல் முறையாக நடக்கும் மீன்பிடிப்பு என்று சர்வதேசச் சான்றும் கிடைத்தது. அவர்கள் பணக்கார நாடு, படகை வாங்கிக்கொள்ள முடிந்தது. நம்மால் அப்படியே செய்ய முடியாது. ஆனால் அவகாசம் கொடுத்தால் இந்த இறால் மீளும் என்பது அங்கே நிரூபணம் ஆகிவிட்டது. கடல் வேறானாலும் இறால் ஒன்றுதான்.

ஒரு சந்தேகம்: "கடையில் இறால் தாராளமாகக் கிடைக்குதே?"

கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி பண்ணை இறால். 2009-இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட வெள்ளைக்கால் இறால், வனாமி என்று சொல்வார்களே, அதுதான் இப்போது ஏற்றுமதியிலும் முன்னால் நிற்கிறது. அது பசிபிக் கடல் பக்கத்து இனம், நம் கடலில் பிறப்பது இல்லை. ஆகவே கடையில் இறால் குவிந்து கிடப்பதை வைத்துக் கடல் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. பண்ணைத் தீவனத்திலும் மீன்தூள் சேர்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

நாம் என்ன செய்யலாம்?

1. வாங்கும்போது பாருங்கள். சுண்டுவிரல் நீளத்தில் வரி இறாலும் வெள்ளை இறாலும் குவிந்து கிடந்தால், மலிவு என்று அள்ள வேண்டாம். ஆனால் சென்னாக்கூனியை இதோடு சேர்க்காதீர்கள். அது குட்டி இறால் இல்லை, தனி இனம். அதன் முழு வளர்ச்சியே அவ்வளவுதான். தாராளமாக வாங்கலாம். வேறு சில வகையும் இயல்பாகவே சிறியவை. விற்கும் சகோதரியிடம் வகையைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாத இறால் இல்லை.

2. மீன் விற்கும் உறுப்பினர்களின் கடன் தவணையைத் தடைக்காலத்துக்கு ஏற்றபடி அமையுங்கள். ஏப்ரல் பாதி முதல் ஜூன் பாதி வரை தவணை குறைவாகவும், ஜூலை முதல் கூடுதலாகவும் வைக்கத் தீர்மானம் போடலாம். கடன் கொடுக்கும் அன்றே இதை எழுதி வைத்தால் 'தவணை தவறியவர்' என்ற பெயர் வராது.

3. தடைக்காலத்துக்கென்று தனிச் சேமிப்பு வையுங்கள். மீனவப் பெண்களுக்கான சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் உறுப்பினர் 1,500 ரூபாய் சேமித்தால், மாநில அரசு பங்கு சேர்த்து 4,500 ரூபாயாகத் தருகிறது. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது. தகுதி உள்ள கடலோரச் சகோதரிகள் மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்யட்டும்.

4. தடை செய்யப்பட்ட வலை வாங்கச் சங்கக் கடன் கொடுக்காதீர்கள். நோக்கம் கேட்டுத்தானே கடன் கொடுக்கிறோம்? இதையும் கேளுங்கள்.

5. ஆற்றைக் கவனியுங்கள். அக்னியாறும் அம்புலியாறும் தெற்கு வெள்ளாறும் கடைசியில் சேர்வது பாக் கடலில்தான். பூவுக்கு அடிக்கும் மருந்தின் மீதியும், வாய்க்காலில் வீசும் பிளாஸ்டிக்கும் மழை வெள்ளத்தோடு முகத்துவாரத்துக்குப் போகும். வெள்ளை இறால் குஞ்சு வளரும் இடம் அது. மருந்து டப்பாவை வாய்க்காலில் கழுவ வேண்டாம். ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபையிலும், பேரூராட்சியில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடமும் ஆற்றுக் குப்பையைப் பற்றி எழுதிக் கொடுங்கள்.

6. மீன் விற்கும் உறுப்பினர்கள் ஒரு நோட்டுப் போடுங்கள். இன்று வந்த இறால் கிலோவுக்கு எத்தனை நின்றது, என்ன விலை என்று தேதி போட்டு எழுதினால் போதும். ஒரு வருடம் எழுதினால், இறால் எந்த மாதம் சிறுக்கிறது, எந்த மாதம் பெருக்கிறது என்று யாரையும் கேட்காமல் நீங்களே சொல்லிவிடலாம். அதிகாரிகளிடம் பேசும்போது அந்த நோட்டு உங்களுக்குப் பலம்.

கஜா புயல் 2018 நவம்பரில் அடித்தபோது நம் தென்னையும் பலாவும் ஒரே இரவில் சாய்ந்தன. மறுபடி நட்டு, காய்க்கக் காத்திருக்கும் வலி நமக்குத் தெரியும். தென்னைக்கு வருடக் கணக்கில் காத்திருந்த நாம், இறாலுக்கு நாலு மாதம் காத்திருக்க முடியாதா? காத்திருப்பவர் வீட்டில் அடுப்பு எரிய வழி செய்துவிட்டால், கண்டிப்பாக முடியும். அந்த வழியில் ஒரு பங்கு நம் சங்கத்தின் கையில் இருக்கிறது.

அந்த உறுப்பினரின் கடனுக்குத் தவணையை மாற்றி எழுத அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வைக்கிறோம். உங்கள் குழுவிலும் இதைப் படித்துக் காட்டிப் பேசுங்கள். அசலைக் காப்போம், வட்டியில் வாழ்வோம். கடலுக்கும் அதே விதிதான்.